சன்போர்டில் செய்தால் மாடல் இல்லையா?

கேள்வி: 4 ஜூன் 2023

மீட்டர்கேஜ் ரயிலின் இரண்டாம் வகுப்புப் பெட்டி ஒன்றை 1:87 அளவில், அதாவது நிஜத்தில் 87இல் ஒரு பங்காகச் செய்து படம் போட்டிருந்தேன். உடம்பு முழுக்க 3 மி.மீ. சன்போர்டு என்ற நுரைப் பலகை, கூரைக்கு சார்ட் பேப்பர், சன்னல் கம்பிக்கு ஊதுபத்திக் குச்சியைச் சீவிப் போட்டது. நான்கு மாத வேலை. கீழே ஒருவர் “இது மாடல் இல்லை தம்பி, ஸ்கூல் ப்ராஜெக்ட்” என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். ஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக் தகடு வரவழைக்க வசதியில்லை என்றால் இந்தப் பொழுதுபோக்கே வேண்டாம் என்கிறார் இன்னொருவர். நிஜமாகவே கேட்கிறேன்: எந்தப் பொருளில் செய்தால்தான் அது மாடல்?

பதில்: 4 ஜூன், இரவு

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஸ்கூல் ப்ராஜெக்ட் என்று சொன்னவருக்கு எது உறுத்தியது என்று எனக்குத் தெரியும். அவருக்கே தெரிந்திருக்காது.

3 மி.மீ.யை 87ஆல் பெருக்குங்கள். 261 மி.மீ. பூச்சும் சேர்த்து ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். ரயில் பெட்டிக்கு வீட்டுச் சுவர் எழுப்பியிருக்கிறீர்கள். பக்கவாட்டில் நேராகப் பார்த்தால் தெரியாது. கொஞ்சம் சாய்வாகப் பார்த்தால் ஒவ்வொரு சன்னலும் கோட்டைச் சுவரில் குடைந்த துளை மாதிரி இருக்கிறது. ஊதுபத்திக் குச்சியை எவ்வளவு சீவினாலும் முக்கால் மில்லிமீட்டருக்குக் கீழே வராது. அதையும் பெருக்கிப் பாருங்கள். சன்னலுக்கு ஐந்து உலக்கை கட்டியிருக்கிறீர்கள்.

சன்போர்டைத் திட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை. கனம்தான் தகராறு.

5 ஜூன்

வழி கேட்டிருக்கிறீர்கள். சன்போர்டைத் தூக்கிப் போட வேண்டாம். அதை எலும்பாக வைத்துக்கொண்டு மேலே தோல் போர்த்துங்கள். தோலுக்கு ஐவரி கார்டு. கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிற கடையில் வெட்டி ஒதுக்கிய துண்டுகள் கேட்டாலே கிடைக்கும். என்னிடம் இருப்பதை வெர்னியரில் அளந்தேன், கால் மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். நிஜத்தில் 22, 23 மி.மீ. என்று கணக்கு வரும். அதுவும் அதிகம்தான், ஆனால் கண் மன்னித்துவிடும்.

சன்னலை அட்டையில் சரியான அளவுக்கு வெட்டுங்கள். பின்னால் இருக்கும் சன்போர்டில் நான்கு பக்கமும் ஒரு மில்லிமீட்டர் பெரிதாக. வெளியே இருந்து பார்ப்பவருக்கு அட்டையின் ஓரம் மட்டும் தெரியும், செங்கல் சுவர் ஒளிந்துகொள்ளும். மூலை வட்டமாக வர வேண்டுமானால் முதலிலேயே நான்கு மூலையிலும் துளை போட்டுவிட்டு, பிறகு துளைக்குத் துளை பிளேடால் கோடு இழுக்க வேண்டும். செருப்புத் தைக்கிறவர் வைத்திருக்கும் துளைக் கருவியில் (பஞ்ச்) ஆகச் சிறியது போதும். நேர்க்கோட்டை முதலில் வெட்டிவிட்டு மூலையை வளைக்கலாம் என்று போனால் பிளேடு அடுத்த சன்னலுக்குள் ஓடிவிடும். எத்தனை பக்கத்தை அப்படிக் கெடுத்தேன் என்பது என் குப்பைத் தொட்டிக்குத்தான் வெளிச்சம்.

வெட்டிய அட்டையின் ஓரம் பஞ்சு பஞ்சாக நிற்கும். குட்டி டியூபில் வரும் சயனோஅக்ரிலேட் பசையை ஊசி நுனியில் ஒரு சொட்டு எடுத்து அந்த ஓரத்தில் தொட்டால் போதும், அட்டை தானே உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்சிய இடம் கொஞ்சம் கறுத்து, ஈரம் பட்ட மாதிரி இருக்கும். பத்து நிமிடம் கழித்து நகத்தால் தட்டினால் டிக் டிக் என்று பிளாஸ்டிக் சத்தம் வரும். அப்புறம் 600 நம்பர் உப்புத்தாளை லேசாக ஓட்டுங்கள். இப்படிச் செய்த ஓரத்தையும் ஸ்டைரீன் ஓரத்தையும் பெயின்ட் அடித்தபின் பக்கத்தில் வைத்தால், எது எது என்று என்னாலேயே சொல்ல முடியவில்லை.

ஆனால் அதே பசையைச் சன்னல் கண்ணாடிக்கு வைத்துவிடாதீர்கள். கண்ணாடிக்கு வைக்கும் ஓ.எச்.பி. ஷீட்டில் (தெளிவான பிளாஸ்டிக் தாள்) வெள்ளையாகப் புகை படிந்துவிடும். பசையின் ஆவி காற்றில் இருக்கும் ஈரத்தோடு சேர்ந்து படிவதுதான் அது. சென்னையில் ஈரத்துக்கா பஞ்சம்? இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1942இல் துப்பாக்கியின் குறிநோக்கிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடியவர்கள் கையில்தான் இந்த ரசாயனம் முதலில் அகப்பட்டது. தொட்டதிலெல்லாம் ஒட்டிக்கொள்கிறது என்று ஒதுக்கிவிட்டார்கள். பசையாக விற்பனைக்கு வந்தது 1958இல். தெளிவான கண்ணாடி தேடப் போய்க் கிடைத்த பொருள்தான் என் கண்ணாடியை எல்லாம் மங்கடிக்கிறது. கண்ணாடிக்கு ஃபெவிகால் போதும், காய்ந்தால் தெரியாது.

7 ஜூன்

“சன்னல் கனத்துக்கு இவ்வளவு பேசுகிறீர்களே, தண்டவாள அகலம் சரியா?” என்று மதுரைக்காரர் ஒருவர் கேட்கிறார். சரியான இடத்தில் குத்துகிறார்.

மீட்டர்கேஜ் 1,000 மி.மீ. 87ஆல் வகுத்தால் 11.5. சுவிட்சர்லாந்தின் மீட்டர்கேஜ் ரயில்களுக்கென்று கடையில் விற்பது 12 மி.மீ. தண்டவாளம். அரை மில்லிமீட்டர் கூடுதல், நிஜத்தில் 44 மி.மீ. அதைப் பற்றி யாரும் தூக்கம் கெடுவதில்லை.

அகலப்பாதைக்காரர்கள் பாடுதான் திண்டாட்டம். 1,676ஐ 87ஆல் வகுத்தால் 19.26 மி.மீ. வர வேண்டும். கடையில் கிடைப்பது 16.5. நிஜத்தில் 24 சென்டிமீட்டர் குறைகிறது. நம் ஊர் அகலப்பாதை மாடல்கள் பெரும்பாலும் அந்தக் குறுகிய காலில்தான் நிற்கின்றன. 16.5லேயே நிற்பேன், கணக்கும் சரியாக வர வேண்டும் என்றால் எல்லாவற்றையும் 1:101.6இல் செய்ய வேண்டும். அந்த அளவில் பொம்மை மனிதன்கூடக் கடையில் கிடைக்க மாட்டான்.

பிரிட்டனில் இதற்காகவே பல பத்தாண்டுகளாகச் சண்டை. அங்கே ஓஓ என்ற அளவில் அடிக்கு 4 மி.மீ., ஆனால் தண்டவாளம் அதே 16.5. கணக்குப் போட்டால் நாலடி ஒன்றரை அங்குலம் வருகிறது. நிஜத்தில் நாலடி எட்டரை. ஏழு அங்குலம் எங்கே போயிற்று என்று கேட்டவர்கள் சக்கரம், அச்சு, தண்டவாளம் பிரியும் பாயின்ட் எல்லாவற்றையும் தாங்களே செய்துகொண்டு 18.2க்குப் போனார்கள். அதுவும் போதாது என்று இன்னொரு கூட்டம் 18.83க்குப் போனது. மிச்சப் பேர் அந்த ஏழு அங்குலத்தை மறந்துவிட்டுப் பெட்டியின் ரிவெட்டை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். நான் இந்தக் கடைசிக் கூட்டம். எதைப் பார்ப்பது, எதைப் பார்க்காமல் இருப்பது என்று ஒவ்வொருவருக்கும் உள்ளுக்குள் ஒரு பட்டியல் இருக்கிறது. “ஸ்கூல் ப்ராஜெக்ட்” என்று எழுதியவரின் சொந்த மாடல் அகலப்பாதை டீசல் என்ஜின். 16.5இல் நிற்கிறது. சும்மா சொல்லி வைத்தேன்.

7 ஜூன், பிற்பாடு

மேலே சொன்னது கொஞ்சம் அற்பம். அவர் என்ஜின் பெயின்ட் அருமையாக இருக்கிறது. விட்டுவிடுகிறேன்.

9 ஜூன்

முக்கியமான திருத்தம். கோவையில் இருந்து ஒருவர், நான் 5ஆம் தேதி சொன்னதை நம்பிச் சன்போர்டுக்குப் பிளம்பர் பசை (பி.வி.சி. குழாய் ஒட்டுவது) வைத்து நடு உருகிப் போயிற்று என்கிறார். நான் பிளம்பர் பசை என்று சொல்லவே இல்லை. இருந்தாலும் தப்பு என் மேலும் இருக்கிறது. எந்தச் சன்போர்டு என்று சொல்லியிருக்க வேண்டும்.

கடையில் அந்தப் பெயரில் இரண்டு பொருள் வருகிறது. ஒன்று பி.வி.சி. நுரைப் பலகை: முழுக்க ஒரே வெள்ளை, வெட்டினால் உள்ளேயும் அதே வழவழப்பு. பிளம்பர் பசை இதற்கு நன்றாகவே பிடிக்கும், இரண்டும் ஒரே ஜாதி. இன்னொன்று மேலும் கீழும் காகிதம், நடுவில் தெர்மாகோல் வகை நுரை. அதில் பிளம்பர் பசையோ, நகச்சாயம் அழிக்கும் அசிட்டோனோ, ஸ்ப்ரே பெயின்டோ பட்டால் நடு கரைந்து இரண்டு காகிதம் மட்டும் கையில் மிஞ்சும். வாங்கும்போது ஓரத்தில் நகத்தால் கீறிப் பாருங்கள். காகிதம் உரிந்தால் அது இரண்டாவது.

எனக்கும் இது நடந்திருக்கிறது. ஸ்டேஷன் கட்டடம் ஒன்று, முகப்பு மட்டும் இரண்டு மாத வேலை. ஸ்ப்ரே அடித்துக் காய வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் சன்னல் வழியாக ஸ்ப்ரே புகுந்து, பலகை உள்ளே கரைந்து தேன்கூடு மாதிரி.

12 ஜூன்

எந்தப் பொருளில் செய்தால் மாடல் என்ற கேள்வியை நான் முதலில் கேட்டது என் பெரியப்பாவிடம். அவர் திருச்சி பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். நாகப்பட்டினத்தில் இருந்த தென்னிந்திய ரயில்வேயின் பட்டறை 1928இல் பொன்மலைக்கு வந்தபோது அதோடு கூடவே வந்த குடும்பம் எங்களுடையது. வீட்டில் பால் பவுடர் டப்பாத் தகரத்தை வெட்டி ஒய்.பி. என்ஜின் ஒன்று செய்து வைத்திருந்தார். ஒய்.பி. என்றால் மீட்டர்கேஜ் பயணி ரயில் இழுத்த என்ஜின், சக்கர வரிசை 4-6-2 (முன்னால் நான்கு, இழுக்க ஆறு, பின்னால் இரண்டு). மொத்தம் 871 செய்தார்கள், பெரும்பகுதி ஜாம்ஷெட்பூரில். அவருடைய என்ஜின் எந்த அளவு என்று கேட்டால் “டப்பா அளவு” என்பார்.

எனக்குப் பத்து வயது இருக்கும். சிகரெட் அட்டையில் நான் ஒரு பெட்டி செய்து கொண்டுபோய்க் காட்டினேன். கையில் வாங்கி, திருப்பிப் பார்த்து, “காயிதத்துல செஞ்சா பொம்மை. தகரத்துல செஞ்சாத்தான் வண்டி” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, பையனுக்கு ஒரு தகவல் சொல்வது மாதிரி சொன்னார். அவர் வேலையில் எதையும் ஈயம் வைத்துப் பற்றவைக்க வேண்டும், அல்லது ரிவெட் அடிக்க வேண்டும். ஒட்டுவது என்பதே அவருக்கு ஒரு வேலையாகப் படவில்லை.

அதன் பிறகு பதினைந்து வருடம் நான் தகரத்தில்தான் செய்தேன். சுமாராக. ஈயம் வைக்கிற கை எனக்கு வரவில்லை. அவர் காலமானபின்தான் மறுபடி அட்டையை எடுத்தேன். திருட்டுத்தனமாகச் செய்கிற மாதிரியே இருந்தது.

18 ஜூன்

ஒரு எச்சரிக்கை. பெட்டி தண்டவாளத்தில் தடம் புரளாமல் ஓட அடியில் கனம் வைக்கச் சொல்கிறார்கள். வையுங்கள், ஆனால் ஈயத்தை ஃபெவிகால் மாதிரி வெள்ளைப் பசையில் புதைக்காதீர்கள்.

தூண்டிலில் கட்டுகிற ஈயக் குண்டுகளை ஆறு பெட்டிகளின் தரைக்குள் கொட்டி, வெள்ளைப் பசை ஊற்றி மூடியிருந்தேன். ஏழெட்டு வருடம் அலமாரியில் கண்ணாடிக்குள் இருந்தன. ஒரு நாள் எடுத்துப் பார்த்தால் ஒரு பெட்டியின் தரை கர்ப்பிணி வயிறு மாதிரி உப்பியிருந்தது. இன்னொன்றில் பக்கச் சுவர் பிளந்து உள்ளே இருந்து வெள்ளைப் பொடி கொட்டியது. முதலில் பூச்சி என்று நினைத்தேன். பூச்சி இல்லை. அந்தப் பசையில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாக அசிட்டிக் அமிலம் ஆவியாக வருகிறது, அதாவது வினிகரில் இருக்கிற அதே புளிப்பு. மூடிய இடத்தில் அது ஈயத்தை அரித்து ஈயக் கார்பனேட் ஆக்கிவிடும். ஆன பிறகு இடம் அதிகம் பிடிக்கும், இருக்கிற சுவரைத் தள்ளும். கப்பல் மாடல்காரர்களுக்கு இது பழைய தலைவலி. ஓக் மரப் பெட்டிக்குள் வைத்த கப்பல்களின் ஈயப் பீரங்கியும் நங்கூரமும் இப்படித்தான் வெள்ளை பூத்துப் பொடியாகின்றன. ஓக் மரமே அந்தப் புளிப்பை விடும்.

அந்தப் பொடியை வாயால் ஊதாதீர்கள், விஷம். நான் ஊதினேன், அதனால்தான் சொல்கிறேன். இப்போது இரும்பு நட்டு போடுகிறேன், எபாக்ஸியில்.

வேடிக்கை என்னவென்றால் அந்த ஆறு பெட்டிகளில் நான்கு ஸ்டைரீன், இரண்டு அட்டை. அட்டையில் ஒன்று பிழைத்தது, ஸ்டைரீனில் ஒன்று பிழைத்தது. எந்தக் கட்சிக்கும் இதில் ஆதாரம் கிடையாது.

25 ஜூன்

3டி பிரின்டர் பற்றிக் கேட்கிறீர்கள். என் கருத்து: அச்சடித்து எடுத்ததை நான் செய்தேன் என்று சொல்லக் கூடாது. பொத்தானை அழுத்திவிட்டுத் தூங்கப் போகிறவர் மாடல் செய்பவர் இல்லை. போன வாரம் ஒருவர் ஒரு முழுப் பெட்டியையும் அச்சடித்துக் கொண்டுவந்தார். தாம்பரத்தில் காரை வெயிலில் நிறுத்திவிட்டு டீ குடித்துத் திரும்பினோம். பின் சீட்டில் பெட்டி வாழைப்பழம் மாதிரி வளைந்திருந்தது. பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 டிகிரிக்குள்ளேயே தளர்ந்துவிடும், மூடிய காருக்குள் சென்னை வெயில் அதை எளிதாகத் தொடும். அட்டை ஒன்றும் ஆகியிருக்காது.

26 ஜூன்

அந்தப் பெட்டியைச் செய்தவரே படித்துவிட்டார். திருச்சிப் பொறியியல் மாணவர். “சார், வரைவதற்கு மட்டும் மூன்று வாரம் ஆச்சு. அந்தப் பெட்டிக்கு எங்கும் வரைபடம் கிடைக்காது, ஓய்ந்து நிற்கிற பெட்டியைப் போய் டேப் வைத்து அளந்தேன். நீங்கள் கூரை வென்டிலேட்டரை எப்படிச் செய்கிறீர்கள்?” என்று கேட்கிறார்.

சொல்கிறேன். ஒரே ஒரு வென்டிலேட்டரைப் பட்டி வைத்து இழைத்துச் செய்வேன். அதைச் சிலிகான் ரப்பரில் அச்செடுத்து, ரெசின் ஊற்றி, நூறு பிரதி எடுப்பேன். ஊற்றிவிட்டுத் தூங்கப் போவேன்.

பதில் எழுதப் போய்த்தான் இந்தக் கடைசி வரி எனக்கே உறைத்தது.

2 ஜூலை

ஒரு வாரமாக யோசிக்கிறேன். 25ஆம் தேதி எழுதியதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன். எந்தப் பாதி என்று சொல்வதுதான் கஷ்டம்.

மூன்று வாரம் உட்கார்ந்து வரைந்தவர் என்னைவிட அந்தப் பெட்டியை நன்றாக அறிவார். கதவுப் படியின் அடியில் ஒரு சிறிய மடிப்பு இருப்பதை அவர் படத்தைப் பார்த்துத்தான் நானே தெரிந்துகொண்டேன்; முப்பது வருடம் அந்தப் படியில் கால் வைத்து ஏறியிருக்கிறேன். ஆனால் யாரோ வரைந்த கோப்பை இறக்கி அச்சடித்து, ஸ்ப்ரே அடித்து, “என் கைவேலை” என்று போடுகிறவர்கள் விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. அப்புறம் அந்த வாதமும் நிற்காது என்று தோன்றியது. டப்பாவில் வந்த விமானக் கிட்டை ஒட்டிவிட்டு “என் ஸ்பிட்ஃபயர்” என்று நானும் சொல்லியிருக்கிறேனே. டப்பாவுக்குள் வந்ததை மட்டும் வைத்துச் செய்ய வேண்டும் என்று போட்டிகளில் தனிப்பிரிவே வைத்திருக்கிறார்கள். ஒட்டுவதிலும் கை இருக்கிறது.

இப்போதைக்கு என் ஏற்பாடு: போகிக்கும் (பெட்டிக்கு அடியில் சக்கரங்கள் பொருந்தும் சட்டம்) வென்டிலேட்டருக்கும் ரெசினில் எடுக்கும் 3டி பிரின்ட். உடம்பு அட்டை. ரெசின் பிரின்ட்டைக் கழுவி முழுக்க இறுக்காமல் விட்டால் அதுவும் நாளாக ஆக வளையும், வெயில் பட்டால் முறுகி உடையும். என் முதல் நான்கு போகிகள் அப்படிப் போயின. ஸ்பிரிட்டில் கழுவும்போது கையுறை கட்டாயம். வீட்டுக்காரி பால்கனியைத் தவிர வேறு எங்கும் ரெசினைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். அவள் நகச்சாயம் அழிக்கும் புட்டி மாதாமாதம் ஏன் குறைகிறது என்ற விசாரணையும் நடந்துகொண்டிருக்கிறது.

9 ஜூலை

மழை, வேலை ஓடவில்லை. கொஞ்சம் வேறு பேச்சு.

நெப்போலியன் காலப் போரில் பிரிட்டனிடம் பிடிபட்ட பிரெஞ்சு மாலுமிகளைப் பீட்டர்பரோ பக்கத்தில் நார்மன் கிராஸ் என்ற முகாமில் அடைத்து வைத்திருந்தார்கள். அவர்கள் சாப்பாட்டில் வந்த எலும்பைச் சேர்த்து வைத்து, வேகவைத்து, இழைத்துப் போர்க்கப்பல் மாடல்கள் செய்து வாசல் சந்தையில் விற்றார்கள். இன்று அவை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அளவு சரியில்லாதவை நிறைய. பாய்மரம் உயரம், பீரங்கி தடிமன், உடம்பு குறுகல். கையில் வரைபடம் இல்லை, ஞாபகத்தில் இருந்து செய்தது. பிரிட்டனின் கடற்படை அலுவலகத்துக்காக 1:48இல் செய்த மர மாடல்கள் இன்னொரு பக்கம். ஒரு சட்டம் பிசகாது, உள் எலும்பு தெரிய அடிப்பகுதியைப் பலகை போடாமல் விட்டிருப்பார்கள். இரண்டில் எது உயர்ந்தது என்று என்னைக் கேட்டால் 1:48க்காரன் நான். ஆனால் படத்தில் எலும்புக் கப்பலைத்தான் ரொம்ப நேரம் பார்க்கிறேன்.

தஞ்சாவூர் நெட்டியும் அப்படி ஒரு கேஸ். ஏரி, குளங்களில் வளரும் செடியின் தண்டு. மேல் தோலைச் சீவினால் உள்ளே வெள்ளை வெளேர் என்று தக்கை. மாட்டுப் பொங்கலுக்கு மாட்டுக் கழுத்தில் மாலையாகக் கட்டுவதும் அதேதான். அதில் பெரிய கோயில் செய்து கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விற்பார்கள். தந்தம் மாதிரி இருக்கும். 2020இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. எங்கள் வீட்டில் ஒன்று இருந்தது. பெயின்ட் கிடையாது, அளவு இன்னது என்று எழுதவும் இல்லை. இவ்வளவு வருடத்தில் யாரும் அதைப் பார்த்து “கோபுரம் கருங்கல் நிறத்தில் இல்லையே” என்று கேட்டதில்லை. ஒரே வெள்ளையாக இருந்தால் கண் வடிவத்தை மட்டும் பார்க்கிறது போல. பெயின்ட் அடித்த மறுநிமிடம்தான் நிறம் தப்பு, பளபளப்பு தப்பு என்று ஆரம்பிக்கிறார்கள். பெயின்ட் அடிக்காமல் ஒரு பெட்டியை வெள்ளையாகவே விட்டுவிடலாமா என்று எனக்கு ஒரு ஆசை இருக்கிறது. தைரியம் வரவில்லை.

15 ஜூலை

கேள்வி கேட்டவரே, உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். “ஸ்கூல் ப்ராஜெக்ட்” என்ற வார்த்தையை நானும் ஒரு தடவை சொல்லியிருக்கிறேன்.

பல வருடம் முன்பு ஒரு பள்ளிக் கண்காட்சிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஒரு பையன் தெர்மாகோலில் பாம்பன் பாலம் செய்து வைத்திருந்தான். 1914இல் திறந்த பழைய பாலம், நடுவில் இரண்டு கையாகத் தூக்குகிற பகுதியோடு. தெர்மாகோலின் மணி மணியான உருண்டைகள் அப்படியே தெரிந்தன, கிர்டர் எல்லாம் பலகைத் தடிமன். நான் குனிந்து பார்த்து, அவன் ஆசிரியரிடம், “ஸ்கூல் ப்ராஜெக்ட்டுக்குப் பரவாயில்லை” என்றேன். பையன் காதில் விழும் என்று நினைக்கவில்லை. அவன் ஒன்றும் சொல்லாமல் பின்னால் தொங்கிய நூலை இழுத்தான். பாலம் திறந்தது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில், ஒரே வேகத்தில், நடுங்காமல். ஒற்றை நூலில் இரண்டையும் எப்படிச் சமன் செய்தான் என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. கேட்கவும் வாய் வரவில்லை.

என்னுடைய மாடல்களில் ஒரு கதவுகூடத் திறக்காது.

16 ஜூலை

நிறம் பற்றி மூன்று பேர் கேட்டதால்: பழைய செங்கல் சிவப்புப் பெட்டிக்குச் சரியான டப்பா எது என்று கேட்காதீர்கள். நிஜப் பெட்டியில் எடுத்த பெயின்டையே சின்ன மாடலில் அடித்தாலும் கறுப்பாகத் தெரியும். கொஞ்சம் வெள்ளை கலந்து வெளுக்க வைக்க வேண்டும். வார்ப்பிரும்பு பிரேக் கட்டை தேய்ந்த தூள் படிந்து அடிச்சட்டம் முழுக்கத் துருப் பழுப்பாக இருக்கும், அதைக் கறுப்பாக அடிக்காதீர்கள். அரைத்த செங்கல் தூள், மெல்லிய துணியில் சலித்தது, இதற்கு நான் கண்டவற்றில் சிறந்தது. அதற்கும் “வெளிநாட்டு பிக்மென்ட்தான் வேண்டும்” என்பவர்கள் வாங்கிக்கொள்ளுங்கள். அதுவும் பொடிதான்.

6 ஆகஸ்ட்

பெரியப்பாவின் தகர என்ஜின் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் படம் கேட்டார். அத்தை வீட்டுப் பரணில் இருந்து எடுத்தேன். துரு பிடித்திருந்தது. துடைக்கலாம் என்று முன் மூடியை நெம்பியதில் பழைய ஈயம் விட்டுவிட்டது, மூடி கையோடு வந்துவிட்டது.

பாய்லருக்குள்ளே அட்டைக் குழல். மில்லில் நூல் சுற்றி வருமே, அந்தக் கெட்டிக் குழல். அதன் மேல்தான் தகரத்தைச் சுற்றி வளைத்து அடியில் பற்றவைத்திருக்கிறார். ஈயம் வைத்த கோடு நெடுகிலும் அட்டை உள்ளே கருகி, பழுப்பாக ஒரு தீற்றல், இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடி வரைக்கும். மற்றபடி அப்படியே இருக்கிறது. தகரம்தான் அங்கங்கே ஓட்டை.

“அப்போ அவர் சொன்னது பொய்தானே” என்று ஒருவர் கேட்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வளைப்பதற்கு ஒரு உருளை தேவைப்பட்டது, கைக்கு அதுதான் கிடைத்திருக்கும். பற்றவைத்தபின் உருவ முடியாமல் உள்ளேயே விட்டிருப்பார். வெளியே தெரியாததைப் பற்றி அவர் கணக்கில் கேள்வியே இல்லை. இல்லையென்றால் பத்து வயதுப் பையனிடம் சொல்ல வேண்டாம் என்று நினைத்திருக்கலாம். குழலை எடுக்கவில்லை. மூடியைத் திரும்ப ஒட்டுவதா, பற்றவைப்பதா என்று இன்னும் தீர்மானிக்கவில்லை. இப்போதைக்கு மாஸ்கிங் டேப் போட்டு வைத்திருக்கிறேன்.

20 ஆகஸ்ட்

கேள்வி கேட்டவர் புதுப் படம் போட்டிருக்கிறார். ஒரு பக்கம் மட்டும் ஐவரி கார்டு போர்த்தி, மறுபக்கத்தைப் பழைய சன்போர்டாகவே விட்டிருக்கிறார். கம்பிக்கு ஊதுபத்திக் குச்சி போய், டெலிபோன் ஒயரில் இருந்து உரித்த மெல்லிய செம்பு வந்திருக்கிறது. நல்ல யோசனை, எனக்குத் தோன்றவில்லை. கீழிருந்து இரண்டாவது கம்பி மூன்று சன்னலில் தொய்கிறது. ஒட்டும் முன் ஒயரின் ஒரு நுனியைக் கட்டிவிட்டு மறுநுனியை இடுக்கியால் பிடித்துச் சுண்டி ஒரு இழு இழுங்கள், நேராகிவிடும்.

பழைய பக்கத்தையும் போர்த்தலாமா என்று கேட்கிறீர்கள். அடுத்த பெட்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள். இதைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தால் போயிற்று.

பித்தளையில் அரித்து எடுத்த சன்னல் சட்டம் போட்டால் எப்படி இருக்கும் என்று கடைசியில் ஒரு வரி போட்டிருக்கிறீர்கள். நான் அதை இத்தனை நாள் பணக்காரர் வேலை என்று சொல்லிக்கொண்டிருந்தவன். ஆனால் சர்க்யூட் போர்டு அரிக்கிற ஃபெரிக் குளோரைடுதான் அதற்கும். ஜெராக்ஸ் டோனரை இஸ்திரிப் பெட்டியால் தகட்டில் ஏற்றினால் போதும் என்கிறார்கள். சனிக்கிழமை சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட் போகிறேன். உங்களுக்கும் ஒரு பாக்கெட் வேண்டுமானால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கலக்காதீர்கள், அந்தக் கறை போகவே போகாதாம்.